கினாபாத்தாங்கானில் கூடு எண்ணிய ஆறு நாள்

முதல் நாள்: சண்டாக்கானிலிருந்து சுக்காவ்

கோலாலம்பூரில் விமானம் ஏறினால் சண்டாக்கானுக்கு மூன்று மணி நேரம் போதும். ஒரே நாடுதான். ஆனாலும் போர்னியோ தீவிலிருக்கும் சபா மாநிலத்துக்குள் நுழைய, மலேசியத் தீபகற்பத்திலிருந்து வருகிற நாங்களும் குடிநுழைவு முகப்பில் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். முகப்பில் இருந்தவர் என் கறுப்புப் பெட்டியைப் பார்த்து, "டிரோனா?" என்றார். "ஆமாம் அக்கா, ஓராங் ஊத்தான் கூடு எண்ணப் போகிறோம்" என்றேன். "நிறைய எண்ணிவிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார். அந்த வார்த்தை நெஞ்சில் நின்றுவிட்டது.

அங்கிருந்து சுக்காவ் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) வேனில் இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. எனக்கு அது புதிதல்ல. பேராக்கில் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தாத்தா பால்மரம் (ரப்பர்) சீவினார், அப்பா இருபத்தாறு வருஷம் செம்பனைக் குலை வெட்டினார். நான் அதே மரங்களுக்கு மேலே டிரோன் ஓட்டுகிறேன். தோட்டங்களுக்கு வரைபடம் எடுத்து, எந்த வரிசையில் எத்தனை மரம் நிற்கிறது, எது பட்டுப்போனது என்று எண்ணிக் கொடுப்பதுதான் ஏழு வருஷமாக என் வேலை. ஹெக்டேருக்கு 136 மரம் என்பது பழைய கணக்கு. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் பச்சை நட்சத்திரம் மாதிரி இருக்கும். கணினியே எண்ணிவிடும்.

இந்த முறை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். குரங்கினங்களை ஆராயும் ஒரு டாக்டருக்கு டிரோன் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. மருத்துவ டாக்டர் இல்லை, முனைவர். குழுவில் நாங்கள் நான்கு பேர்: டாக்டர், நான், வழிகாட்டி பாக்சிக் (மலாயில் 'மாமா'), படகு ஓட்டும் அவர் மகன். பாக்சிக்குக்கு அறுபது வயது இருக்கும். ஆற்றங்கரை மக்களான ஓராங் சுங்கை இனத்தவர். மலாயில் 'ஓராங்' என்றால் மனிதன், 'சுங்கை' என்றால் ஆறு, 'ஊத்தான்' என்றால் காடு. ஆற்று மனிதரும் காட்டு மனிதரும் பெயரிலேயே பங்காளிகள்.

இரவு தங்கும் வீட்டின் பின்னால் ஆறு. 560 கிலோமீட்டர் ஓடும் கினாபாத்தாங்கான், சபாவின் மிக நீளமான ஆறு. இருட்டில் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் போகும் சத்தம் மட்டும்தான். நெட்வொர்க் படகுத்துறையில் மட்டும் கிடைக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் இதைப் பதிவிடுகிறேன்.

இரண்டாம் நாள்: முதலில் நடை

டிரோனைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார் டாக்டர். "கூடு எப்படி இருக்கும் என்று தரையிலிருந்து பார்க்காதவருக்கு மேலிருந்தும் தெரியாது." சரி என்று ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பாக்சிக் பின்னால் நடந்தேன்.

வெள்ளக் காடு இது. மழைக்காலத்தில் ஆறு பொங்கி மரங்களுக்குள் வந்துவிடும். சேறு முழங்கால் வரை இழுக்கிறது. அட்டை இலை நுனியில் நின்றுகொண்டு தலையை ஆட்டி ஆளைத் தேடுகிறது. பாக்சிக் நேர்கோட்டில் ஒரு கயிற்றுப் பாதை போட்டு வைத்திருக்கிறார். பத்து அடி நடப்பார், நிற்பார், அண்ணாந்து பார்ப்பார், திரும்பிப் பின்பக்கமாகவும் பார்ப்பார். முன்னால் நடக்கும்போது இலை மறைத்த கூடு, திரும்பிப் பார்க்கும்போது தெரியுமாம்.

முதல் கூட்டை அவர் காட்டியபோது எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் பிடிபடவில்லை. அப்புறம் தெரிந்தது. மரத்தின் தோளில், இருபது மீட்டர் உயரத்தில், காய்ந்த இலைகள் திரண்ட ஒரு கறுத்த முடிச்சு. தொலைநோக்கியில் பார்த்தால்தான் வேலைப்பாடு புரிகிறது. கைத்தடிப் பருமனுள்ள நாலைந்து கிளைகளை உள்பக்கமாக வளைத்திருக்கிறது. முழுசாக ஒடிக்கவில்லை. பாதி ஒடிந்து, மறுபாதி நாரில் பிடித்துக்கொண்டு நிற்கும்படி மடக்கியிருக்கிறது. அதனால் கிளை கீழே விழவும் இல்லை, நிமிரவும் இல்லை. அதன்மேல் சின்னக் கிளைகளைப் பின்னி, இலையோடு கூடிய கொப்புகளை மெத்தையாகப் பரப்பியிருக்கிறது. பத்து நிமிஷத்தில் கட்டி முடித்துவிடும் என்றார் பாக்சிக். ஓர் இரவு படுக்க அவ்வளவும். மறுநாள் சாயங்காலம் வேறு மரத்தில் வேறு கூடு.

இந்தப் பழக்கம்தான் எண்ணுகிறவர்களுக்குக் கைகொடுக்கிறது. ஓராங் ஊத்தானை நேரில் பார்ப்பது அபூர்வம். தனியாகத் திரியும், சத்தமில்லாமல் இருக்கும், உச்சாணிக் கொம்பில் மணிக்கணக்கில் அசையாது. ஆனால் அது விட்டுப்போன கூடு மாதக்கணக்கில் நிற்கும். கூடுகளை எண்ணி, ஒரு நாளைக்கு ஒன்று எத்தனை கூடு கட்டும், ஒரு கூடு உதிர்ந்து மறைய எத்தனை நாளாகும், கூட்டத்தில் கூடு கட்டும் வயதில் எத்தனை இருக்கும் என்ற மூன்று விவரத்தையும் சேர்த்தால் எண்ணிக்கை வரும். மறையும் நாள்தான் இடறுகிற இடம். இந்தப் பகுதியில் சுமார் 200 நாள் என்று கணக்கு. மரவகை மாறினாலோ மழை மாறினாலோ அதுவும் மாறும். அதனால் பாக்சிக் ஒவ்வொரு கூட்டுக்கும் வயது எழுதுகிறார்: இலை பச்சையாக இருந்தால் ஒன்று, பழுத்துக் காய்ந்தால் இரண்டு, ஓட்டை விழுந்து வானம் தெரிந்தால் மூன்று, வெறும் குச்சி மட்டும் மிச்சம் என்றால் நான்கு.

டிரோனுக்கு முன்னால் இங்கே ஹெலிகாப்டரில் எண்ணினார்கள். மார்க் அன்க்ரெனாஸ் என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவரும் இசபெல் லாக்மனும் 'ஊத்தான்' என்ற தங்கள் அமைப்பின் மூலம் 1998-இல் இங்கே ஓராங் ஊத்தான் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கி, இந்தச் சுக்காவ் கம்பத்து இளைஞர்களுக்கே கூடு எண்ணப் பழக்கினார்கள். பிறகு ஹெலிகாப்டரில் பறந்து, கீழே தெரியும் கூடுகளை எண்ணி, சபா முழுக்கச் சுமார் 11,000 ஓராங் ஊத்தான்கள் என்று 2005-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் இருந்தவை தோராயமான மதிப்பீடுகள்தான். ஆனால் ஹெலிகாப்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவை நினைத்தால் வருஷா வருஷம் அப்படி எண்ண முடியாது என்பது புரியும்.

மூன்று கிலோமீட்டர் நடந்தோம். ஒன்பது கூடு. எனக்கு அதில் இரண்டுதான் முதலில் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள்: மேலிருந்து

கிழக்குக் கோடியில் இருப்பதால் இங்கே ஆறு மணிக்குள் நன்றாக விடிந்துவிடுகிறது. வீட்டில் ஏழு மணிக்கு விடிகிற பழக்கத்தில் முதல் இரண்டு நாளும் தடுமாறினேன். இன்று ஐந்தரைக்கே பசியாறிவிட்டுக் கிளம்பினோம். காற்று எழுவதற்கு முன் பறக்க வேண்டும். மரம் ஆடினால் படங்களை ஒன்றோடொன்று ஒட்டும்போது கிளைகள் பொருந்தாது.

நேற்று நடந்த அதே கோட்டுக்கு மேலே பறப்பதுதான் திட்டம். சட்டப்படி 120 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மரங்கள் முப்பது மீட்டர். நான் நூறு மீட்டரில் வைத்தேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எண்பது சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி, வயலில் ஏர் ஓட்டுவதுபோல் போய்ப் போய்த் திரும்பியது டிரோன். இருபது நிமிஷத்துக்கு ஒரு பேட்டரி. ஆறு பேட்டரி முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது.

மத்தியானம் படங்களைத் திறந்தேன். ஏழு வருஷம் மேலிருந்தே மரம் பார்த்த எனக்கு, இந்தப் படத்தில் எங்கே கண்ணை வைப்பது என்றே தெரியவில்லை. செம்பனையில் ஒரு மரத்தைப் பார்த்தால் ஆயிரம் மரத்தைப் பார்த்த மாதிரி. இங்கே இரண்டு மரம் ஒன்றுபோல் இல்லை. ஒன்று காலிஃபிளவர் மாதிரி குவிந்திருக்கிறது, பக்கத்தில் ஒன்று கொடியேறி மூடிக் கிடக்கிறது, அதற்குப் பக்கத்தில் இலையுதிர்த்த எலும்புக்கூடு. காய்ந்த இலை தெரிகிற இடமெல்லாம் கூடு என்று குறித்தேன். டாக்டர் பார்த்துவிட்டுப் பாதியை அடித்தார். பட்ட கிளைகள் அவை.

அப்புறம் பாக்சிக் வந்து திரையைப் பார்த்தார். அவர் இதற்கு முன் கூட்டை மேலிருந்து பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து, "இலையெல்லாம் எந்தப் பக்கம் பார்க்கிறது பார்" என்றார். பார்த்தேன். மரத்தின் தலையில் எல்லாக் கிளையும் நடுவிலிருந்து வெளியேதான் போகிறது. அந்த ஓரிடத்தில் மட்டும் கொப்புகள் உள்ளே திரும்பி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. யாரோ பிடித்து வளைத்திருக்கிறார்கள். அதுதான் கூடு. அதைக் கேட்ட பிறகு நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இலை போகும் திசையைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து கிடைத்தது. இப்படிப் பழகிய கண்ணைத் தருவதற்காகவே இந்த மனிதரைக் கும்பிட வேண்டும்.

ஐந்தில் மூன்று, நேற்று நாங்கள் தரையிலிருந்து எழுதிய கூடுகள். இரண்டு புதியவை, மரத்தின் உச்சந்தலையில் இருப்பவை. கீழிருந்து பார்த்தால் இலை மறைத்துவிடும். அதே சமயம் நேற்று எழுதிய ஒன்பதில் ஆறு மேலிருந்து தெரியவே இல்லை. அவை மரத்தின் இடுப்பில் இருக்கின்றன. ஆக, தரையும் பொய் சொல்லவில்லை, வானமும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பாதி பார்க்கிறார்கள். மேலிருந்து எண்ணுவது எப்போதும் குறைவாகத்தான் வரும். ஆனால் கூடு அதிகமுள்ள காட்டில் அதிகமாகவும், குறைந்த காட்டில் குறைவாகவும் வருகிறதா என்பதுதான் கேள்வி. அது சரியாக வந்தால், நடந்தே போக முடியாத சதுப்புக்குள் எங்கே உயிர் இருக்கிறது என்று டிரோன் காட்டிவிடும்.

2012-இல் லியன் பின் கோவும் செர்ஜ் விக்கும் வட சுமத்ராவில் 2,000 டாலருக்கும் குறைந்த செலவில் ஒரு பொம்மை விமானத்தில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டதுதான் இதற்கெல்லாம் தொடக்கம். அந்தப் படங்களில் ஓராங் ஊத்தான் கூடு தெரிந்தது. இன்று என் கையில் இருப்பது அதைவிட எத்தனையோ மடங்கு நல்ல கேமரா. ஆனால் கண் இன்னும் பாக்சிக்குடையதுதான் வேண்டியிருக்கிறது.

நான்காம் நாள்: மெனாங்குல் ஆறு

சாயங்காலம் மூக்குக் குரங்கு. மெனாங்குல் என்பது சுக்காவ் பக்கம் கினாபாத்தாங்கானில் சேரும் குறுகிய கிளையாறு. இரண்டு கரை மரமும் தலைக்கு மேலே கைகோத்துக்கொள்ளும் அளவுக்குக் குறுகல். போர்னியோ தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத இந்தக் குரங்கு, பகலில் காட்டுக்குள் போய் இலை தின்றுவிட்டு, இரவு தூங்க ஆற்றோரம் வந்துவிடும். ஒரு பக்கம் தண்ணீர் என்றால் மேகச்சிறுத்தை வர வழி குறைவு என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கடுவன் இருபது கிலோவுக்கு மேல், தொங்கும் மூக்கோடு. மந்தி அதில் பாதிதான் இருக்கும். மலாயில் 'மோஞெட் பெலண்டா', அதாவது டச்சுக்காரக் குரங்கு என்று பெயர். மாடு மாதிரி அசைபோடுவது இந்தக் குரங்கிடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த மெனாங்குல் கரையிலேயே உட்கார்ந்து பார்த்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இக்கி மட்சுடாவும் அவர் குழுவும் 2011-இல் அதை எழுதினார்கள். தின்ற இலையை வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து மறுபடி மெல்லும். எனக்கு அதைப் படித்தபோது தோட்டத்து மாட்டுக் கொட்டகை ஞாபகம் வந்தது.

படகிலிருந்து எண்ணினால் கரையோர முதல் வரிசை மரத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். அதன் பின்னால் எத்தனை? அதற்குத்தான் வெப்பக் கேமரா. சூரியன் இறங்கி இலை குளிர்ந்ததும் உடம்புச் சூடு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படகிலிருந்து டிரோன் ஏற்றுவது நிலத்திலிருந்து ஏற்றுவது போல் இல்லை. எஞ்சின் இரும்பு திசைகாட்டியைக் குழப்பும். அதனால் டாக்டர் கையில் தூக்கிப் பிடிக்க, நான் ஏற்றினேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. எழுபது மீட்டரில் நின்று பார்த்தேன். முதல் வரிசைக்குப் பின்னால் இன்னொரு மரத்தில் ஏழு வெள்ளைப் புள்ளி. படகிலிருந்து அவை யாருக்கும் தெரியாது. சந்தோஷத்தில் பேட்டரியைப் பார்க்க மறந்தேன். பேட்டரி குறைந்ததும் டிரோன் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். கிளம்பிய இடம் படகு. ஆனால் படகு அதற்குள் நீரோட்டத்தில் அறுபது மீட்டர் கீழே போயிருந்தது. வீட்டுப் புள்ளியை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது அது வெறும் தண்ணீருக்கு மேலே இறங்கிக்கொண்டிருக்கிறது.

கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டு மேலே தூக்கினேன். அவசரத்தில் கரையோர மரங்களுக்கு மிகக் கிட்டத்தில், கூட்டத்தின் தலைக்கு மேலேயே கொண்டுவந்துவிட்டேன். கடுவன் ஒரு முறை உறுமியது, மூக்கிலிருந்து வரும் அந்தக் கரகரத்த சத்தம். அடுத்த நொடி மரமே அசைந்தது. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மந்தி பின் மரத்துக்குத் தாவியது. கிளை பிடிகொடுக்காமல் வளைந்தது. ஒரு கையில் தொங்கி ஏறிக்கொண்டது. இருட்டுகிற நேரம். படுக்க இடம் பிடித்த கூட்டம் முழுவதும் உள்ளே போய்விட்டது.

டிரோன் கைக்கு வந்ததும் டாக்டர், "இன்றைக்குப் போதும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பதிவேட்டில் 'தொந்தரவு' என்ற கட்டத்தில் நேரத்தையும் உயரத்தையும் எழுதி, அன்றைய எண்ணிக்கை முழுவதையும் அடித்தார். ஏழு புள்ளியும் போனது. எனக்கு அந்த மந்தியின் கைதான் கண்ணுக்குள் நிற்கிறது. இனி இந்த ஆற்றில் நூறு மீட்டருக்குக் கீழே வரமாட்டேன். பேட்டரி பாதிக்கு வந்ததும் திரும்பிவிடுவேன். டிரோனின் கண்ணை நான் பார்க்க, கூட்டத்தின் போக்கை மட்டும் பார்க்க ஒருவர் தனியாக உட்கார வேண்டும் என்றும் டாக்டரிடம் சொன்னேன். நாளையிலிருந்து அது பாக்சிக் மகனின் வேலை.

திரும்பும்போது கரையில் ஒரு முதலை. டார்ச் வெளிச்சத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி. அதே இடத்தை வெப்பக் கேமராவில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. தண்ணீரின் சூடே அதன் சூடும்.

ஐந்தாம் நாள்: மழை

விடியற்காலையிலிருந்து மழை. பறக்க முடியாது. படகுத்துறைக் கூரையின் கீழே தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துக்கொண்டு படங்களைப் பிரித்தோம்.

வெப்பப் படங்களில் விலங்கைக் கண்டுபிடிக்கும் கணினி வேலையைச் செய்தவர்கள் வானியலாளர்கள் என்று டாக்டர் சொன்னார். லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் நட்சத்திரம் தேடுகிறவர்களும் ஓராங் ஊத்தான் தேடுகிறவர்களும் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். கறுத்த பின்னணியில் மங்கலான சூடான புள்ளியைப் பிரித்தெடுப்பதுதானே இருவருக்கும் வேலை. அந்தக் குழு இந்தக் கினாபாத்தாங்கானிலேயே வெப்பக் கேமரா டிரோனைப் பறக்கவிட்டு, தரையில் ஆள் நிறுத்திச் சரிபார்த்து, 41 ஓராங் ஊத்தான்களைக் கண்டதாக 2018-இல் அறிவித்தது. காலை ஒன்பதுக்கு முன்னாலோ இரவு ஏழுக்குப் பின்னாலோ பறந்தால்தான் சரிவரும் என்பதும் அவர்கள் கண்டது. வெயில் ஏறிவிட்டால் இலையும் விலங்கும் ஒரே சூடாகி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும்.

மெக்சிகோவில் சிலந்திக் குரங்குகளை இதே மாதிரி எண்ணிய கதையும் சொன்னார். சின்னக் கூட்டமென்றால் கீழே நின்றவர்களின் எண்ணும் டிரோனின் எண்ணும் ஒத்துப்போயினவாம். பத்துக்கு மேல் போன கூட்டத்தில் டிரோன்தான் அதிகம் எண்ணியது.

மழை விட்டு விட்டுப் பெய்தது. அப்பா போன் செய்தார். "அதுங்க தோட்டத்துக்குள்ள வருமா?" என்று கேட்டார். வரும், செம்பனையின் இளங்குருத்தைத் தின்னும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "வேற எங்கம்மா போகும்?" என்றார். கன்றை முள்ளம்பன்றி கடித்துப் போட்டால் மண்டோரிடம் (கங்காணியிடம்) திட்டு வாங்கிய மனிதர் அவர்.

இந்தக் காட்டின் வரைபடத்தை அவருக்கு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. 2005-இல் சரணாலயமாக அறிவித்தபோது ஒரே துண்டாக அறிவிக்க நிலம் மிஞ்சவில்லை. சுமார் 26,000 ஹெக்டேர், பத்துத் துண்டு. நடுவில் தோட்டம், சாலை, கம்பம், தோட்டத்து வடிகால். போர்னியோ முழுவதிலும் 1999-க்கும் 2015-க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கு மேல் ஓராங் ஊத்தான்கள் குறைந்துபோயின. 2016-இல் இந்த இனத்தை மிக அருகிவிட்ட இனம் என்று வகைப்படுத்தினார்கள். ஒரு தாய் ஒரு குட்டி ஈன்றால் அடுத்தது ஏழெட்டு வருஷம் கழித்துத்தான். ஒன்று போனால் போனதுதான், சீக்கிரம் நிரம்பாது.

ஆறாம் நாள்: இரண்டு புள்ளி

நாலு மணிக்கு எழுந்தோம். மழை கழுவிய வானம். இன்று எடுத்துக்கொண்டது சரணாலயத் துண்டு ஒன்றின் ஓரம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தோட்டம், நடுவில் நாடா மாதிரி காடு. பாக்சிக் நேற்றுச் சாயங்காலமே அங்கே ஒரு ஓராங் ஊத்தான் அத்தி மரத்தில் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்திருந்தார். அவர் வாக்கிடாக்கியோடு இருட்டில் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து மணிக்கு ஏற்றினேன், நூற்றுப்பத்து மீட்டர். திரையில் காடு கருஞ்சாம்பல் நிறம். ஆறு அதைவிட வெளுப்பு, இரவு முழுக்கத் தண்ணீர் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். தோட்டத்துப் பக்கம் வரிசை வரிசையாக என் பழகிய நட்சத்திரங்கள், கறுப்பாக. மெல்ல மெல்லக் கோடு போட்டுப் போனேன். இருபது நிமிஷம் ஒன்றுமில்லை. பேட்டரி பாதி. திரும்பி வந்து மாற்றினேன்.

இரண்டாவது பறப்பில், நாடாவின் இடுப்பில், ஒரு வெள்ளைப் புள்ளி. நிறுத்தினேன். அசையவில்லை. காய்ந்த மரக்கட்டை வெயில் சூட்டை வைத்திருக்குமா என்று நினைத்தேன். ஆனால் நேற்று வெயிலே இல்லை. டாக்டர் என் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். புள்ளி கொஞ்சம் அகன்றது. அப்புறம் பிரிந்தது. பெரிய புள்ளி அங்கேயே கிடக்க, அதிலிருந்து ஒரு சின்னப் புள்ளி விலகி, ஓரத்துக்குப் போய், மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது.

வாக்கிடாக்கியில் இடத்தைச் சொன்னோம். ஆறு மணி தாண்டி வெளிச்சம் வந்ததும் பாக்சிக்கின் குரல், தணிந்து: "தெரிகிறது. தாய். குட்டி அவள் தலைமேல் ஏறுகிறது." சாதாரணக் கேமராவுக்கு மாற்றி, உயரத்தைக் குறைக்காமல் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்நோக்கி வளைந்த பச்சைக் கொப்புகளுக்கு நடுவே ஒரு நீண்ட செம்பட்டைக் கை வெளியே நீண்டு, பக்கத்துக் கிளையை இழுத்து, ஓர் இலையைப் பறித்து உள்ளே கொண்டுபோனது. படுத்தபடியே பசியாறுகிறது.

கூடுகளை மட்டும் எண்ணினால் இந்தக் குட்டி கணக்கில் வராது. குட்டிக்குத் தனிக் கூடு இல்லை, ஆறேழு வயது வரை அம்மாவோடுதான் படுக்கும். சூடு மட்டும்தான் அதைக் காட்டியது. படிவத்தில் '2' என்று எழுதியபோது டாக்டர் கை நடுங்கியதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் இதே வேலை செய்கிறவர்.

இதோடு முடித்திருப்போம். மத்தியானம் அந்த ஓரத்தின் படங்களை ஒட்டிப் பெரிய வரைபடமாகத் திறந்தபோது, பாக்சிக் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நாங்கள் கூட்டைத் தேடினோம். அவர் ஊரைப் பார்த்தார். "இது என் அப்பாவின் டுரியான் மரம். இங்கேதான் மரம் வெட்டும் கம்பெனியின் படகுத்துறை இருந்தது. இந்த ஓடை அப்போது இல்லை, தோட்டத்துக்காரர்கள் தோண்டியது." ஓடை என்று அவர் சொன்னது நாடாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகும் வடிகால். அதற்கு இந்தப் பக்கம் தாயும் குட்டியும், அத்தி மரமும். அந்தப் பக்கம் சின்ன ஒரு காட்டுத்துண்டில் நாங்கள் குறித்த நான்கு பழைய கூடு. எல்லாம் மூன்றாம் நான்காம் வயது. புதியது ஒன்றுமில்லை.

"அந்தப் பக்கம் படுத்தவை இந்தப் பக்கம் வர முடியாது" என்றார். ஓராங் ஊத்தானுக்கு நீச்சல் வராது. கரையில் பெரிய மரம் நின்றால் கிளை வழியாகவே தாண்டிவிடும். வடிகால் வெட்டியபோது பெரிய மரமெல்லாம் போய்விட்டது. இதே ஆற்றின் கிளைகளில் 2003-இலிருந்து 'ஊத்தான்' அமைப்பினர் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். பாக்சிக் அதில் இரண்டுக்குக் கயிறு ஏறியவர். "இங்கே ஒன்று போட்டால் போதும்" என்று இரண்டு மரத்தைத் தொட்டுக் காட்டினார்.

திரையில் அளந்தேன்: பதினேழு மீட்டர். தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத அளவு துல்லியமாக வேண்டும் என்றார் டாக்டர். தோட்டத்து மேலாளர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும். கடிதத்தோடு வரைபடத்தையும் நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாலு மணிக்குப் படகில் அங்கே போனோம். பாக்சிக் மகன் சேற்றில் இறங்கி அளவு நாடாவின் ஒரு முனையோடு அக்கரை ஏறினான். மறுமுனையை நான் பிடித்தேன். அடிமரத்திலிருந்து அடிமரத்துக்குப் பதினாறரை மீட்டர். பாக்சிக் கத்தியால் பட்டையைத் தட்டிப் பார்த்தார், உள்ளே உளுத்துப்போன சத்தம் இல்லை. பையிலிருந்து சிவப்புத் துணி நாடாவை எடுத்து, இந்தப் பக்கத்து மரத்தில் தன் நெஞ்சுயரத்துக்குக் கட்டினார். அக்கரையில் மகனும் ஒன்று கட்டினான்.